நான்கு நாள் ரங்கூன்: வீட்டுக்கு எதை எடுத்து வருவது?

பர்மாவின் மௌல்மீனிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். மாமனார் காலத்து வீடு. கீழே செங்கல் சுவர், மேலே முழுக்கத் தேக்குப் பலகை. கீழ்க்கூடம் 14 அடிக்கு 18 அடி. அதன் சிமென்ட் தரை வெடித்துவிட்டதால் எப்படியும் பெயர்த்துப் போட வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறி, எத்தனை முறை அடித்தாலும் பெயின்ட் உரிகிறது. மேல்தளத்து அறைகள் பகலிலும் இருட்டாக இருக்கின்றன. நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக அடுத்த மாதம் நான்கு நாள் ரங்கூன் போகிறார். அங்கே நல்ல ஹோட்டல்களையும் கடைகளையும் பார்த்து வீட்டுக்கு யோசனை சேர்த்து வர நினைக்கிறார். கணவரோ, "எல்லாம் போன்லயே இருக்கு. கல்யாணத்துக்குப் போற இடத்துல டேப்பைத் தூக்கிட்டு அலையாதே" என்கிறாராம். காரைக்குடிக்குப் போய்ச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கத்தான் உண்மையில் ஆசை, அது இப்போது நடக்காது என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் மனத்தில் இருக்கும் திட்டங்கள்: கீழேயும் மேலேயும் பூக்கல், அதாவது பூ வேலை போட்ட சிமென்ட் தரைக்கல், பதிப்பது, மேல்தளப் பலகைச் சுவருக்கு வெள்ளை அடிப்பது, ரங்கூனில் பழைய செதுக்குக் கதவு ஒரு ஜோடி வாங்கி வருவது, சாமி அறையில் விளக்குக்குப் பின்னால் மரப்பால் மெருகு பூசிய அரக்குப் பலகை வைப்பது. எங்கே போய்ப் பார்ப்பது, எப்படிக் குறித்துக்கொள்வது, இதில் எது சரி, எது தப்பு என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. படங்கள் போனிலேயே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் ஓர் அறை ஏன் நமக்குப் பிடிக்கிறது என்பது படத்தில் வராது. கூரை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் வருகிறது, தரை காலுக்கு எப்படி இருக்கிறது, வெளிச்சம் எத்தனை அடி உள்ளே வந்து நிற்கிறது என்பதெல்லாம் அந்த அறையில் நின்றால்தான் தெரியும். அதற்கு நேரில்தான் போக வேண்டும், டேப்பும் வேண்டும். ஐந்து மீட்டர் டேப் உள்ளங்கை அளவுதான், புடவை மடிப்பிலேயே அடங்கிவிடும்.

காரைக்குடி போக முடியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. இங்கே தொழில் செய்த நகரத்தார் கப்பலில் ஏற்றி அனுப்பிய மரம் அது. அதே மரம் உங்கள் மேல்தளச் சுவராகவே நிற்கிறது. அதற்குத்தான் நீங்கள் வெள்ளை அடிக்கப் பார்க்கிறீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கிளம்பும் முன் உங்கள் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

ஊருக்குப் போய் அழகான பொருளைப் பார்ப்பவர்கள் வழக்கமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். சொந்த வீட்டின் அளவு கையில் இல்லாததால் பிடித்ததை எல்லாம் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் எதுவும் எதோடும் சேர்வதில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு கட்டம் அரை அடி என்று வைத்து ஒவ்வோர் அறையையும் வரைந்துகொள்ளுங்கள். சுவர் நீளத்தோடு கூரை உயரம், ஜன்னலின் அகல உயரம், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு மேலே தொடங்குகிறது, நிலைக்கதவின் திறப்பு, படிக்கட்டின் முதல் படி உயரம் ஆகியவையும் வேண்டும். எந்தச் சுவர் கிழக்கு, எந்தச் சுவர் மேற்கு என்று குறியுங்கள். ஒவ்வோர் அறையையும் காலை 8 மணிக்கு ஒரு படம், மாலை 4 மணிக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு பொருள் கையோடு போகட்டும். ஒன்று, உரிந்து விழுந்த பெயின்ட் சில்லு அல்லது பலகையின் சிறு துண்டு. கடையில் துணியையோ கல்லையோ அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேருமா சேராதா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். மற்றொன்று, ஒரு வெள்ளை ஏ4 தாள். படம் எடுக்கும்போது அதைச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாளின் அளவு சுமார் 8¼ × 11¾ அங்குலம் என்பது தெரியுமாதலால், வீட்டுக்கு வந்தபின் படத்தில் உள்ள மற்ற அளவுகளைக் கணக்கிடலாம். நிறத்துக்கும் அதுவே சாட்சி. போன் கேமரா ஒவ்வோர் இடத்திலும் நிறத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும். நிழலில் இருக்கும் பச்சைச் சுவர் படத்தில் நீலமாகவும், குண்டு பல்பின் கீழ் இருக்கும் வெள்ளைச் சுவர் மஞ்சளாகவும் விழும். படத்தில் தாள் வெள்ளையாக இல்லையென்றால் அந்தப் படத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். அதைவிட உறுதியான வழி, பெயின்ட் கடை வண்ண அட்டையைச் சுவரோடு வைத்துப் பார்த்து, ஒத்துப்போகும் எண்ணை எழுதிக்கொள்வது.

பிடித்த இடம் ஒவ்வொன்றுக்கும் மூன்று படம் போதும். அறை முழுவதும் தெரிய எட்ட நின்று ஒன்று, பொருள் மட்டும் ஒன்று, இரண்டு பொருள் சேரும் மூலையை நெருங்கி ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். தரை சுவரைத் தொடும் இடம், பலகை தூணைத் தொடும் இடம், நிலை பூச்சைத் தொடும் இடம் ஆகியவற்றைத்தான் உங்கள் கொத்தனாரும் ஆசாரியும் முதலில் கேட்பார்கள். படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். "அழகு" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உதவாது. "ஜன்னலுக்கு மேல் சல்லடைச் சட்டம், வெளிச்சம் நடு அறை வரை வருகிறது" என்று எழுதினால் உதவும்.

எங்கே பார்ப்பது

ஹோட்டல்களையும் ஷோரூம்களையும் முதலில் வைத்திருக்கிறீர்கள். அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஹோட்டல் முகப்புக் கூடம் யாரும் குடியிருக்காத இடம். அங்கே துவைத்த துணி காயாது, அரிசி மூட்டை வைக்க இடம் தேட வேண்டாம், குழந்தை சுவரில் கிறுக்காது.

நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் கல்யாண வீட்டாரின் ஃபிளாட். ரங்கூன் நடு ஊரின் பழைய ஃபிளாட்டுகள் பல பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். முன்னால் ஒரு பால்கனி, பின்னால் சந்து, நடுவில் ஜன்னலே கிடையாது. அதிலும் மக்கள் பல தலைமுறையாக இருந்து பழகி, வெளிச்சத்துக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தடுப்புச் சுவரைக் கூரைவரை ஏற்றாமல் ஒன்றரை, இரண்டு அடி விட்டு நிறுத்தியிருப்பார்கள், அல்லது அந்த மேல்பகுதியில் மரக்கம்பியோ சல்லடையோ வைத்திருப்பார்கள். கதவுக்கு மேலே கண்ணாடி பதித்த சிறு சாளரம் இருக்கும். கூரை வெள்ளை, சுவர் வெளிர் நிறம், தரை மட்டும் அடர் நிறம். உங்கள் மேல்தள இருட்டுக்கு விடை இதில் இருக்கிறது. "அத்தை, இந்தத் தடுப்பை ஒரு நிமிஷம் அளந்துக்கட்டுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அளக்கும்போதே அது கட்டிய கதையையும், அதில் என்ன தொந்தரவு என்பதையும் சொல்லிவிடுவார்கள். எந்த ஷோரூமிலும் கிடைக்காத தகவல் அது.

அடுத்தது ஒரு காலை நேரம், 7 மணியிலிருந்து 10 மணிவரை. பன்சோடான் தெரு, நம் பெரியவர்கள் வாயில் இன்னும் பாயர் தெரு. ஆற்றோரம் ஸ்ட்ராண்ட் சாலையிலிருந்து வடக்கே நடந்தால் இருபுறமும் பழைய கட்டடங்கள். அதில் சோபேயர் கட்டடம் 1906-இல் முடிந்தது. அதன் தரை ஓடு மான்செஸ்டரிலிருந்தும், இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரிலிருந்தும் வந்தவை. மாடியில் லோகநாத் ஓவியக்கூடம் இருப்பதால் ஏறிப் பார்க்க ஒரு காரணமும் இருக்கிறது. அங்கே தரையின் நடுவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஓரத்தையும் பாருங்கள். ஏன் என்று கீழே பூக்கல் கணக்கில் சொல்கிறேன்.

நிறத்துக்கு இரண்டு இடம். 26-ஆம் தெருவில் உள்ள முஸ்மியா யெஷுவா யூத வழிபாட்டுக் கூடம் 1890-களில் எழுந்தது. உயர்ந்த கூரையும் வெள்ளையும் நீலமும் சேர்ந்து, ரங்கூன் வெயிலிலும் அந்த இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். எந்த நிறம் எத்தனை பங்கு என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பங்கு வெள்ளை, நீலம் கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் மட்டும். இரண்டாவது, அனோரதா சாலையில் நம் தமிழர்கள் 1871-இல் எழுப்பிய ஸ்ரீகாளி அம்மன் கோவில். கோபுரத்தின் மஞ்சளும் பச்சையும் சிவப்பும் திறந்தவெளி வெயிலுக்கும் முப்பது அடி தூரத்துப் பார்வைக்கும் தீட்டியவை. அதே நிறங்களை ஆறடி சாமி அறையில் அடித்தால் கண் கூசும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, ஒரே ஒரு சுவருக்குப் போதும்.

போஜோ மார்க்கெட், அதாவது பழைய ஸ்காட் மார்க்கெட், திங்கட்கிழமை இருக்காது. நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் அளவும் விலையும் மட்டும் எழுதி வாருங்கள். மறுநாளும் நினைவில் நிற்பதற்கு மட்டும் திரும்பப் போகலாம்.

படம் எடுக்கும்போது கவனம். பொது மாடிப்படியாக இருந்தாலும் அங்கே குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரசு அலுவலகம், காவல் சாவடி, சீருடையில் நிற்பவர்கள், பாலம் போன்றவை தற்செயலாகக்கூடப் படத்தில் விழ வேண்டாம். இந்தக் காலத்தில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலைமை நமக்குத் தேவையில்லை. ஓவியக்கூடத்தில் தொங்கும் ஓவியத்தைப் படம்பிடித்து அச்சடித்து வீட்டில் மாட்டுவதும் கூடாது. 2019-இல் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அது அந்தக் கலைஞரின் பிழைப்பு.

பூக்கல் கணக்கு

கீழ்க்கூடத்துக்குப் பூக்கல் நல்ல முடிவு. மனத்தார வரவேற்கிறேன். இந்தக் கல் சூளையில் சுடுவதல்ல. ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொண்டால், கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதனால் புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் அதற்கு ஆகாது. கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல் நிறமே அரித்துப் போகும். வேலை முடித்த கொத்தனார் சிமென்ட் தீற்றலைப் போக்க முதலில் தேடுவதும் ஆசிட்டைத்தான். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போது உங்கள் கூடம். எட்டு அங்குலச் சதுரக் கல் என்று வைப்போம். 14 அடிக்கு 21 கல், 18 அடிக்கு 27 கல். துண்டு விழாமல் சரியாக அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான பூ வேலை நான்கு கல் சேர்ந்துதான் ஒரு பூவாகும், அதாவது 16 அங்குலம். 21-உம் 27-உம் ஒற்றைப்படை. இரண்டு பக்கச் சுவரோரத்தில் பூ பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும். இதைத்தான் பழைய கட்டடங்களின் ஓரத்தில் பார்க்கச் சொன்னேன். பூவை அவர்கள் சுவர்வரை கொண்டுபோக மாட்டார்கள். பூ முடிந்ததும் ஒரு கரைக் கல், அதற்குப் பின் நிறம் மட்டும் உள்ள வெற்றுக் கல், பிறகுதான் சுவர். கரை அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. கணக்கில் மிஞ்சுவதையும், சுவர் கோணலையும் அந்த வெற்றுக் கல் வாங்கிக்கொள்கிறது.

உங்கள் கூடத்துக்கு நான்கு புறமும் 12 அங்குலம் ஒதுக்குங்கள். எட்டு அங்குலக் கரைக் கல்லும், நான்கு அங்குலத்துக்கு வெட்டிய வெற்றுக் கல்லுமாக அது அமையும். நடுவில் 12 அடிக்கு 16 அடி மிஞ்சும். அகலத்தில் 18 கல், நீளத்தில் 24 கல். 9 பூவுக்கு 12 பூ, ஒன்றுகூட வெட்டுப்படாது. தேவை: பூக்கல் 432, கரைக்கல் 84, மூலைக்கல் 4, வெற்றுக் கல் சுமார் 50. உடைசலுக்கு ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள், மூலைக்கல் மட்டும் ஆறு இருக்கட்டும். மிஞ்சியதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னாளில் அதே சாயலில் கல் கிடைக்காது. கை வேலை என்பதால் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நிறம் மாறும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கி, பதிக்கும்போது நான்கைந்து பெட்டியிலிருந்து கலந்து எடுக்கச் சொல்லுங்கள்.

20 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கல் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஒரு டன்னைத் தாண்டும். கல்யாணத்துக்குப் போன பஸ்ஸில் ஏற்றி வரும் சரக்கல்ல இது. மாதிரிக்கு நாலு கல் மட்டும் கொண்டு வாருங்கள். மற்றதை லாரியில், செங்குத்தாக அடுக்கி, இடையில் வைக்கோல் திணித்து அனுப்பச் சொல்லுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை விரியும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி மறந்துபோவது உயரம். கல்லும் அதன் அடியில் போடும் சாந்தும் சேர்ந்து ஐந்து சென்டிமீட்டர், ஏறக்குறைய இரண்டு அங்குலம். பழைய தரையைப் பெயர்த்து அந்த அளவுக்குத் தோண்டாமல் மேலேயே பதித்தால் கதவு உரசும். அதைவிட ஆபத்து படிக்கட்டு. மற்ற படிகள் ஏழு அங்குலம் இருக்க, முதல் படி மட்டும் ஐந்தாகக் குறைந்துவிடும். கால் பழக்கத்தில் ஏறும், அந்த ஒரு படியில் தடுக்கும். வீட்டில் பெரியவர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தரையைத் தோண்டியே ஆக வேண்டும்.

மேல்தளத்தில் பூக்கல் வேண்டவே வேண்டாம். 10 அடிக்கு 12 அடி அறையில் கல்லும் சாந்தும் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் வரும். உங்கள் மர உத்தரம் அந்தப் பாரத்துக்கு இழைத்ததல்ல. பாரத்தைத் தாங்கினாலும் பலகைத் தரை நடக்க நடக்க வளைந்து கொடுக்கும், சாந்து கொடுக்காது. ஆறு மாதத்தில் இடுக்கெல்லாம் விரிந்து கல் ஆடும். மேலே தேக்குத் தரையை இழைத்து எண்ணெய் தேய்த்து, ஏதேனும் துணி விரிப்போ, பந்தனாவ் பக்கத்து மெல்லிய பாயோ விரித்தால் போதும்.

தேக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் அடித்தபின் திரும்ப வழியில்லை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதன் மேல் நேரடியாக அடித்த பெயின்ட் பிடிக்காது. மஞ்சள் கறை கசிந்து வெள்ளையின் மேல் எழும்பும். அந்தக் காலத்தில் கரையானுக்காகக் கச்சா எண்ணெய் பூசிய பலகையாக இருந்தால், கறுப்பாக இருக்கும், விரலால் தேய்த்தால் பிசுக்கும் தெரியும். அதன் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. அப்படி இல்லையென்றாலும் மௌல்மீன் மழையில் பலகை உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். இரண்டு பலகை சேரும் கோட்டில் பெயின்ட் வெடித்து, வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். பிடிக்கவில்லை என்று பிறகு சுரண்டப் போனால் பலகைகளின் இடுக்கில் நுழைந்த பெயின்டை எடுக்கவே முடியாது.

பிடிவாதமாக வேண்டுமென்றால், முதலில் பீரோவுக்குப் பின்னால் ஓரடிச் சதுரத்தில் செய்து பாருங்கள். உப்புத்தாள் தேய்த்து, தின்னரால் இரண்டு முறை துடைத்து, கறை அடக்கும் எண்ணெய் பிரைமர் ஒரு கோட்டு, பிறகு பெயின்ட். ஒரு மாதம் கழித்துக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சில்லு சில்லாக டேப்போடு வந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வெளிச்சம்தானே, வெள்ளை அல்லவே. அதற்குச் செலவு குறைந்த வழி மூன்று. ப்ளைவுட் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் பளபளப்பில்லாத வெள்ளையாக்குங்கள். மேலிருந்து வெளிச்சம் திரும்பி இறங்கும், தேக்கும் தேக்காகவே இருக்கும். இரண்டாவது, ரங்கூன் ஃபிளாட்டில் அளந்து வந்த தடுப்பு. அறைகளுக்கு நடுவில் உள்ள பலகைச் சுவரின் மேல் 18 அங்குலத்தைக் கழற்றிச் சல்லடை வையுங்கள். ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: பலகையை மட்டுமே எடுக்கலாம், தூண், மேல்விட்டம், குறுக்கே சாய்வாகப் போகும் தாங்குகட்டை எதிலும் ரம்பம் படக் கூடாது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கத்தில் நாடு குலுங்கியதை நாம் பார்த்தோம். மரவீடு அப்படி ஆடும்போது அதைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சாய்வுக் கட்டைதான். மூன்றாவது பல்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. அதன் கீழ் தேக்கு சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அட்டைப்பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் ஒளிப் பல்பை ஓர் அறையில் மாட்டிப் பாருங்கள். பல்பு விலையில் அறையே மாறும்.

கீழ்ச்சுவரின் ஈரம்

ரங்கூன் பழைய கட்டடச் சுவர்களில் மேகம் படர்ந்தாற்போல் ஒரு மென்மையான நிறம் பார்ப்பீர்கள். பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சின் மேல் அடித்த சுண்ணாம்பு அது. ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விட்டுவிடும். உங்கள் சுவரில் அடித்திருக்கும் எமல்ஷன் பிளாஸ்டிக் உறைபோல் ஈரத்தை அடைத்து வைப்பதால்தான் கொப்பளித்து உரிகிறது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாலும் ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். சலித்த நீர்த்த சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக நாலைந்து கை அடியுங்கள். நிறம் சேர்ப்பதாக இருந்தால் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கையில் ஒட்டும். காவி, மஞ்சள் மண், துணிக்குப் போடும் அல்ட்ராமரின் நீலம் ஆகியவை சுண்ணாம்பில் நிற்கும். பிரஷ்யன் நீலம் நிற்காது, நீலம் போய்ப் பழுப்பேறிவிடும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தைவிடக் காய்ந்தால் மிகவும் வெளிறும். ஆகவே முதலில் ஓர் அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அடிப்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். இவ்வளவும் செய்தாலும் வீட்டுக்கு வெளியே மண்மட்டம் உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்து, மழைத்தண்ணீர் ஓட வழி இருந்தால்தான் பலன். முதலில் அதைப் பாருங்கள்.

பழைய கதவு, அரக்குப் பலகை

பழைய கதவு வாங்கும் ஆசையை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 2015-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படும். விற்பவர் "அறுபது வருஷத்துக் கதவு" என்பார், நிரூபிக்க வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். தேக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வனத்துறைக் காகிதமும் கேட்பார்கள். ரசீதும் காகிதமும் விற்பவரே முன்வந்து கொடுக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மடத்திலிருந்தோ கோவிலிலிருந்தோ பெயர்த்தது என்ற சந்தேகம் துளி இருந்தாலும் தொட வேண்டாம். சட்டம் தடுக்காவிட்டாலும் அளவு தடுக்கும். அந்தக் கதவுகள் எட்டடி உயரம் இருக்கும். உங்கள் நிலை ஆறரை அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை அடியை அறுத்து எறிய மனம் வருமா? கதவின் செதுக்கலை நேராக நின்று படம் எடுத்து, சட்டத்தின் அகலம், பலகையின் கனம், கம்பி வேலையின் ஆழம் மூன்றையும் அளந்து வாருங்கள். மௌல்மீனிலேயே நல்ல ஆசாரிகள் இருக்கிறார்கள். உங்கள் நிலைக்கு ஏற்ற விகிதத்தில் புதிதாகவே செய்துவிடலாம்.

அரக்குப் பலகை சாமி அறைக்கு ஆகாது. பகானில் செய்யும் அரக்குச் சாமான் மூங்கில்மீதோ மரத்தின்மீதோ தித்சி மரப்பாலைக் கை கையாகப் பூசி, ஈரக் கிடங்கில் ஒவ்வொரு கையும் காயவைத்து, மாதக்கணக்கில் உருவாவது. விளக்குச் சூடும் எண்ணெய்ப் புகையும் அதற்குப் பகை. விளக்குக்குப் பின்னால் பித்தளைத் தகடோ, மேலே சொன்ன பூக்கல் நான்கோ வையுங்கள், துடைத்தால் புகைக்கறை போய்விடும். அரக்கு மீது ஆசை இருந்தால் கூடத்தில், நேர் வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். வாங்கும்போது நகத்தை மெதுவாகக் கோட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். கீறி நிறம் ஏற்றிய வேலையில் கோடு நகத்துக்குத் தட்டுப்படும். தூரிகையால் வரைந்து விற்பதில் வழுக்கிக்கொண்டு போகும். மூக்கருகே கொண்டுபோனால் கடும் வாடை வருகிறதா, கையில் பிசுபிசுக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் சரியாகக் காயாத சரக்கு.

ஊர் திரும்பியதும் உடனே கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். எடுத்த படங்களிலிருந்து மூன்றே மூன்று யோசனையைத் தேர்ந்தெடுங்கள். செய்தித்தாளை 16 அங்குலச் சதுரமாக வெட்டிக் கூடத்தில் பரப்பி, பூவின் அளவு அறைக்குப் பெரிதாகத் தெரிகிறதா என்று ஒரு வாரம் நடந்து பாருங்கள். பெரிதாகத் தோன்றினால் ஒரே கல்லில் முடியும் சிறு பூவுக்கு மாறுங்கள். அப்போது ஒற்றைப்படைத் தொல்லையும் இல்லை, மேலே சொன்ன கரைக் கணக்கு அப்படியே பொருந்தும். வெளி மண்மட்டத்தைத் தாழ்த்தி வடிகால் வெட்டுவதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தரையும் சுண்ணாம்பும் நவம்பர் தொடங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அடித்த சுண்ணாம்பு காயாமல் பொரிந்து உதிரும், ஈரத் தரையில் பதித்த பூக்கல்லில் வெள்ளை உப்புப் பூத்துவிடும். மேல்தளத்துக்குப் பல்பு மாற்ற மட்டும் எந்த மாதமும் பார்க்க வேண்டாம்.